பிளெயின் டிஷர்ட் எங்க எடுக்குறது, எப்படி பாத்து எடுக்குறது: குமரி பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் தக்கலை பக்கத்துல சின்னதா ஒரு டிஷர்ட் பிராண்ட் நடத்துறேன். பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டு மாடியில ஒரு ரூம், ஒரு ஹீட் பிரஸ் (சூடு வச்சு அழுத்தி டிசைன் ஒட்டுற மெஷின்), நாலு அலமாரி. ஆனா வாரத்துல ரெண்டு பேராவது "அண்ணே, பிளெயின் எங்க எடுக்குறீங்க"ன்னு ஆரம்பிச்சு, நான் டைப் பண்ணி டைப் பண்ணி கை வலிச்சு, கடைசில வாய்ஸ் நோட்டுல முடியும். அதான் எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அண்ணே, பிளெயின் நாகர்கோவில்லயே எடுக்கலாமா, இல்ல திருப்பூர் போயே ஆகணுமா?

20, 30 பீஸ் வச்சு டிசைன் ஓடுதான்னு பாக்கத்தான் வேணும்னா நாகர்கோவில், மார்த்தாண்டத்துல இருக்குற மொத்தக் கடையிலயே எடுங்க. பீஸுக்கு கொஞ்சம் கூட போகும்தான், ஆனா டிக்கெட்டு காசும் ரெண்டு நாளும் மிச்சம். அவங்களும் திருப்பூர்ல இருந்துதான் இறக்குறாங்க.

நூறு தாண்டிட்டா ஒரு தடவ நேர்ல போயிட்டு வந்துருங்க. நாகர்கோவில் ஜங்ஷன்ல ராத்திரி கோயம்புத்தூர் ரயில் ஏறினா மதுரை, கரூர், ஈரோடு வழியா விடியக்காலை திருப்பூர்ல இறக்கி விட்டுரும். முதல் தடவ சரக்கு எடுக்கப் போறோம்னு போகாதீங்க, சாம்பிள் மட்டும் எடுக்கப் போறோம்னு போங்க. கையில முழுக் காசு இருந்தா அன்னைக்கே எதையாவது வாங்கிட்டுதான் வரத் தோணும், நான் அப்படித்தான் முதல் தடவ மாட்டினேன்.

காதர்பேட்டைன்னு எல்லாரும் சொல்றாங்களே, நேரா அங்க போனா போதுமா?

காதர்பேட்டை மொத்த மார்க்கெட், திருப்பூர் ஸ்டேஷன்ல இருந்து பக்கம்தான். வரிசையா பனியன் கடை, ரோடெல்லாம் மூட்டை. அங்க ரெண்டு வகை சரக்கு கிடைக்கும். ஒண்ணு உள்ளூர் விற்பனைக்குன்னு தைச்ச பிளெயின், இன்னொண்ணு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்கு தைச்சதுல மிஞ்சினது. சர்ப்ளஸ் துணி சில நேரம் அவ்ளோ கொள்ளாம், விலையும் கம்மி, ஆனா அது மறுபடி கிடைக்காது. இன்னைக்கு எடுத்த அதே நேவி ப்ளூ அடுத்த மாசம் கேட்டா "அது போச்சு தம்பி"ம்பாங்க. ஒரு டிசைன 30 பீஸ் போட்டு முடிச்சிட்டு போற ஆளுக்கு அது ஓகே, வருஷம் முழுக்க ஒரே டிஷர்ட் விக்கணும்னு நெனைக்கிற பிராண்டுக்கு ஆகாது.

பிராண்டுக்கு வேண்டியது ஒரு தையல் யூனிட். அங்க பவர்டேபிள்னு சொல்லுவாங்க. காதர்பேட்டையில ரெண்டு மூணு கடையில சாம்பிள் எடுத்துட்டு, அதுல எது தேறுதோ அந்தக் கடைக்கு தைச்சுக் கொடுக்குறவங்க கிட்ட பேசுறது நல்லது.

ஜிஎஸ்எம்னா என்ன? 180 நல்லதா 240 நல்லதா?

ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம் இருக்குங்கிறதுதான் ஜிஎஸ்எம். அது எடை, அவ்ளோதான். மெல்லிசான நல்ல நூலை நெருக்கிப் பின்னினாலும் 180 வரும், கெட்டியான சீத்த நூலை லூசா பின்னினாலும் அதே 180 வரும், ரெண்டாவது ரெண்டு துவைப்புல சுருங்கி உங்க தம்பிக்கு அளவாயிரும். அதனால நம்பர வச்சு தரம் சொல்றவங்க பேச்ச பாதி காதுல வாங்குங்க.

நம்ம ஊர்ல வெயில விட புழுக்கம்தான் பெரிய விஷயம். தினமும் போடுற டிஷர்ட்டுக்கு 160ல இருந்து 180 போதும். 220, 240 எல்லாம் ஓவர்சைஸுக்கு, ஏன்னா துணி தோள்ல இருந்து நேரா விழணும், மெல்லிசா இருந்தா தொளதொளன்னு நைட்டி மாதிரி ஆயிரும். காலேஜ் பசங்க 240தான் கேப்பாங்க, குடுங்க, ஆனா நீங்க ஒரு தடவ அதப் போட்டுட்டு மத்தியானம் வடசேரி சந்தைக்குள்ள ஒரு ரவுண்டு நடந்து பாருங்க.

கடைக்காரர் 180ங்கிறாரு, நான் எப்படி நம்புறது?

நம்ப வேண்டாம், நிறுத்துப் பாருங்க. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு ஒண்ணு கரெக்டா வெட்டுங்க, நகை நிறுக்குற சின்னத் தராசுல வைங்க, 1.8 கிராம் காட்டினா அதை 100ஆல பெருக்கினா 180. திருப்பூர்ல இதுக்குன்னே வட்டமா வெட்டுற கட்டர் வச்சிருப்பாங்க, கணக்கு ஒண்ணுதான். ஒரே இடத்துல வெட்டாம முதுகுல ஒண்ணு, முன்னாடி ஒண்ணு வெட்டுங்க. அஞ்சு முன்ன பின்ன இருந்தா சண்டைக்குப் போக வேண்டாம். அடை மழையில நிறுத்தா பருத்தி ஈரத்த இழுத்து எடை கூடக் காட்டும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கோம்ப்டு, கார்டட், முப்பதாம் நம்பர் நூல்… ஒண்ணும் வெளங்கல மக்கா

நூல் நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 20 கெட்டி, 30 மெல்லிசு, 40 இன்னும் மெல்லிசு. கோம்ப்டுன்னா பஞ்சுல இருக்குற குட்டைக் குட்டை நார சீப்பு போட்டு வாரி எடுத்துட்டு நூத்தது. கார்டட்ல அந்தக் குட்டை நார் உள்ளயே இருக்கும், அதுதான் பின்னாடி உரசி உரசி வெளிய வந்து உருண்டை உருண்டையா நிக்கும். வெளிச்சத்துக்கு நேரா துணியப் பிடிச்சா கார்டட்ல மேல முடி முடியா தெரியும், நடுவுல சின்னச் சின்ன முடிச்சும் தெரியும். பிராண்ட் பேரு போட்டு விக்கிறதுன்னா கோம்ப்டுக்கு கீழ போகாதீங்க. எலக்ஷன் டிஷர்ட், ஒரு நாள் ஊர்வல டிஷர்ட்டுக்கு கார்டட் போதும்.

பயோ வாஷ் பண்ணதுன்னா சுருங்காதுல்ல?

இதுதான் அதிகமா தப்பா புரிஞ்சு வச்சிருக்குற விஷயம். பயோ வாஷ்னா செல்லுலேஸ்னு ஒரு என்சைம் போட்டு துணி மேல நிக்குற அந்த முடியச் சாப்பிட வைக்கிறது, தொட்டா வழுவழுன்னு இருக்கும், உருண்டை வர்றதும் குறையும். சுருக்கத்துக்கு வேற வேலை, காம்பாக்டிங். துணிய மெஷின்லயே நெருக்கி முன்கூட்டியே சுருக்கி விடுறது. ரெண்டும் பண்ணிருக்கான்னு தனித்தனியா கேளுங்க.

சிலர் வெறும் சிலிக்கான் சாப்ட்னர் போட்டுட்டு பயோ வாஷ்னு சொல்லுவாங்க. கடையில தடவிப் பாக்கும்போது பட்டு மாதிரி வழுக்கும், மூணு துவைப்புல அந்த வழுக்கல் வெள்ளத்தோட (தண்ணியோட) போயிரும்.

சாம்பிள் வாங்கிட்டேன். இப்ப என்ன பாக்கணும்?

ஒரே மாதிரி மூணு பீஸ் வாங்குங்க. ஒண்ணத் தொடாதீங்க, ஒண்ணு துவைக்க, ஒண்ணு நீங்களே போட. துவைக்கிற பீஸ்ல அழியாத மார்க்கர் வச்சு நீளவாக்குல 25 சென்டிமீட்டர், அகலவாக்குல 25 சென்டிமீட்டர் கோடு போடுங்க. அப்புறம் அத வீட்டுல எப்படித் துவைப்பாங்களோ அப்படியே துவைக்கக் குடுங்க. எங்க அம்மா கிட்ட குடுத்தா துவைக்கல்லுல நாலு அடி அடிச்சுதான் தருவாங்க, அந்த அடிய தாங்குற டிஷர்ட்தான் எனக்கு வேணும். மூணு தடவ துவைச்சு நிழல்ல காய வச்சு கோட்ட அளங்க. 24 இருந்தா 4 சதவீதம் சுருங்கியிருக்கு, அது பரவால்ல. 23.5க்கு வந்துட்டா விட்டுருங்க.

அடுத்தது சைடு தையல். புதுசுல நேரா அக்குள்ல இருந்து இடுப்புக்கு இறங்கும், துவைச்சப்புறம் அது முறுக்கிக்கிட்டு தொப்புள் பக்கம் வந்து நின்னா நூல் முறுக்கு சரியா செட் ஆகலன்னு அர்த்தம், அயர்ன் போட்டா நேராகும், அடுத்த துவைப்புல திரும்ப முறுக்கும். நெக் ரிப்ப (கழுத்தச் சுத்தி வர்ற பட்டி) இருபது தடவ தலை வழியா போட்டுக் கழட்டுங்க. லைக்ரா (இழுபடுற நூல்) இருந்தா திரும்பி வரும், இல்லன்னா கழுத்து அலை அலையா நிக்கும், டிஷர்ட் பழசாச்சுன்னு ஆளுங்க முடிவு பண்றதே கழுத்தப் பாத்துத்தான். உள்பக்கம் திருப்பி, தோள்ல இருந்து தோள் வரைக்கும் டேப் வச்சுத் தைச்சிருக்காங்களா பாருங்க. தையல் பக்கத்துல துணிய ரெண்டு கையாலயும் இழுத்து வெளிச்சத்துல பிடிங்க, குத்தூசி வச்ச மாதிரி குட்டி ஓட்டை தெரிஞ்சா மழுங்கின ஊசியில தைச்சிருக்காங்க, துவைக்கத் துவைக்க அது பெருசாகும்.

வெள்ளை டிஷர்ட் மூணு துவைப்புல மஞ்சளிச்சா உடனே துணிய குத்தம் சொல்லாதீங்க. போர்வெல் வெள்ளத்துல இரும்பு இருந்தாலும் அப்படித்தான் ஆகும். பக்கத்து வீட்டு பைப்பு வெள்ளத்துல இன்னொண்ண துவைச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

100 சதவீதம் காட்டன்னு போட்டிருக்கான், நெசமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மடிப்புல இருந்து நாலு நூல் உருவி நெருப்பு காட்டுங்க. பருத்தின்னா பேப்பர் எரியுற வாசனை, மிஞ்சுறது ஊதினா பறக்குற சாம்பல். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகும், நுனியில கெட்டியா ஒரு கருப்பு மணி நிக்கும், ஆறினதும் நகத்தால நசுக்க முடியாது. கலப்பு எத்தன சதவீதம்னு இதுல தெரியாது, அதுக்கு லேப்புக்குதான் போகணும். நெக் ரிப்ல இருந்து நூல் எடுக்காதீங்க, அங்க லைக்ரா இருக்கும், உருகத்தான் செய்யும்.

கருப்பு கலர்னா ஏன் எல்லாரும் பயமுறுத்துறாங்க?

கருப்பு, நேவி, மெரூனுக்கு சாயம் நிறைய வேணும், ஒட்டாத மிச்ச சாயத்த நல்லா அலசி எடுக்கணும். அந்த அலசல்ல மிச்சம் பிடிச்சா உங்க கஸ்டமரோட வெள்ளை வேட்டியில போய் ஒட்டும். வெள்ளை கைக்குட்டைய நனைச்சு டிஷர்ட் மேல பத்து தடவ அழுத்தித் தேய்ங்க, லேசா கறை வந்தா சரி, கைக்குட்டையே கருத்துட்டா வேண்டாம். அடர் கலருக்கு விலை கூட கேக்குறதுக்கும் காரணம் இருக்கு. நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலந்த விவகாரத்துல 2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடினாங்க, ஒரு சொட்டு கழிவு கூட வெளிய விடாம சுத்திகரிக்கிற வசதி வந்தப்புறம்தான் திறக்க முடிஞ்சது. அந்தச் செலவும் நம்ம டிஷர்ட்ல இருக்கு.

இன்னொரு பயம் லாட். ஒரு தடவ சாயத்துல முக்கின துணி ஒரு லாட், அடுத்த தடவ முக்கினது வேற லாட், ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா வராது. குளச்சல் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லாருக்கும் சேத்து 120 கருப்பு போட்டேன், எடுத்த யூனிட் பேரு வேண்டாம், ரெண்டு லாட்ட கலந்து கட்டி அனுப்பிட்டாங்க. என் ரூம் டியூப் லைட்டுல எல்லாம் ஒரே கருப்பு. கல்யாணத்தன்னைக்கு கடற்கரையில நின்னு எடுத்த போட்டோவ அனுப்பினாங்க பாருங்க, பாதி பேரு கருப்பு, பாதி பேரு கருநீலம். மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டாரு, அவங்க அப்பா சிரிக்கல. அன்னையில இருந்து எந்த மூட்டை வந்தாலும் மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போய் வெயில்ல விரிச்சுப் பாக்காம காசு செட்டில் பண்றதில்ல.

புது டிஷர்ட்ட உப்புல ஊற வச்சா சாயம் நிக்குமாமே?

நிக்காது. சாயம் முக்கும்போது உப்பு போடுறது உண்டு, அது சாயத்த துணி பக்கம் தள்ளுறதுக்கு. முக்கி முடிச்சு தைச்சு வந்தப்புறம் உப்பு ஒண்ணும் பண்ணாது.

எனக்கு 50 பீஸ்தான் வேணும், நான் சொல்ற கலர்ல பண்ணித் தருவாங்களா?

கஷ்டம். ஏன்னு கணக்குப் பாருங்க. 180 ஜிஎஸ்எம்ல கட்டிங் வேஸ்டு எல்லாம் போக ஒரு கிலோ துணிக்கு நாலரை, அஞ்சு டிஷர்ட் விழும். 50 பீஸுக்கு பத்து பன்னெண்டு கிலோ துணி. சாயப்பட்டறையில அம்புட்டு குறைவா ஒரு கலர் ஓட்டினா மெஷின் கழுவுற செலவுக்கே கட்டாது. 100 கிலோன்னா சொல்ற கலர் கேக்கலாம், அது ஏறக்குறைய 450, 500 பீஸ்.

சின்ன ஆளுக்கு வழி, யூனிட்ல ஏற்கெனவே ஓடுற கலர் கார்டுல இருந்து எடுக்குறது. கருப்பு, வெள்ளை, நேவி, பாட்டில் கிரீன்னு பத்து கலராவது எப்பவும் ஸ்டாக் இருக்கும். இல்லன்னா உங்கள மாதிரி ரெண்டு மூணு பேரு சேந்து ஒரே கலர் போடுங்க, ஆனா யாரு காசு முன்னாடி போடுறதுன்னு முதல்லயே பேசிக்கோங்க. பழகின நட்பு இதுலதான் போகும்.

எந்த பிரிண்டுக்கு எந்தத் துணி எடுக்கணும்?

ஒரே டிசைன் 50க்கு மேலன்னா ஸ்கிரீன் பிரிண்ட், கோம்ப்டு காட்டன்ல சூப்பரா உக்காரும். பத்து இருபதுன்னா டிடிஎஃப், டிசைன பிலிம்ல அடிச்சு சூட்டுல துணிக்கு மாத்துறது. எல்லாத் துணியிலயும் ஒட்டும், ஆனா நெஞ்சு முழுக்க பெரிய டிசைன் போட்டா பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டின மாதிரி அடியில வேர்க்கும், இந்தப் புழுக்கத்துல யாரும் ரெண்டாவது தடவ வாங்க மாட்டாங்க. மேல சொன்ன சிலிக்கான் சாப்ட்னர் அதிகமா போட்ட துணியில பிரிண்ட் சரியா பிடிக்காது, அதனால சாம்பிள்ல பிரிண்டும் போட்டே துவைங்க.

கடற்கரை ஊர்ல புட்பால் டீமுக்கு, திருவிழா கமிட்டிக்கு எல்லாம் டாட் நிட் பாலியஸ்டர் (புள்ளி புள்ளியா பின்னின ஜெர்சி துணி) கேப்பாங்க, அதுக்கு சப்ளிமேஷன் (சூட்டுல மைய ஆவியாக்கி துணிக்குள்ள ஏத்துற பிரிண்ட்), லைட் கலர்ல மட்டும். சிவப்பு பாலியஸ்டர்ல சூடு வச்சு வெள்ளை எழுத்து ஒட்டினா துணிச் சாயம் மேல ஏறி ரெண்டு நாள்ல எழுத்து ரோஸ் ஆயிரும். நான் ஒரு டீமுக்கு அப்படிக் குடுத்துட்டு, அடுத்த மேட்ச் வரைக்கும் அந்த ஊர் பக்கமே போகல.

ஒரு பீஸுக்கு என்ன செலவு ஆகும், என்ன விலை வைக்கலாம்?

ஒரு பேச்சுக்கு பிளெயின் 150ன்னு வைங்க, உங்க விலைய நீங்க போட்டுக்கோங்க. பார்சல் கூலி 5, பிரிண்ட் 50, லேபிள் 4, கவர் 3, கெட்டுப்போற பீஸுக்கு 8, கஸ்டமருக்கு கூரியர் 50. ஆக 270. 499க்கு வித்தா அதுல 5 சதவீத ஜிஎஸ்டி 24 ரூபா கிட்ட போகும், கையில 205 நிக்கும். விளம்பரம், ரிட்டன், உங்க கரண்டு பில் எல்லாம் அதுக்குள்ளதான். "270க்கு எடுத்து 499க்கு விக்கிறியா, கொள்ளை"ன்னு சொல்ற மச்சான் எல்லா வீட்லயும் ஒருத்தர் உண்டு.

சைஸ் எப்படி பிரிச்சு எடுக்க?

எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1ன்னு தொடங்குங்க, 60 பீஸ்னா 10, 20, 20, 10. எனக்கு எம், எல்தான் முதல்ல தீரும். ஒரு யூனிட்ல எம்னா 38 இன்ச், இன்னொரு யூனிட்ல 40, அதனால எழுத்த நம்பாம டிஷர்ட்ட தரையில விரிச்சு அக்குள்ல இருந்து அக்குள் அளந்து ரெண்டால பெருக்கி, அந்த இன்ச்சயே கஸ்டமர் கிட்ட சொல்லுங்க. பாதி ரிட்டன் குறையும்.

துவைச்சப்புறம் ரிட்டன் கேக்குறாங்க, எடுக்கணுமா?

சுருங்கினது, சாயம் போனது, தையல் விட்டதுன்னா பேசாம எடுத்துருங்க, தப்பு நம்மளுது. வாழைக்கறை, ரப்பர் பால் பட்டதுக்கு எடுக்காதீங்க. குலசேகரத்துல இருந்து ஒருத்தர் "கறை போகல, துணி சரியில்ல"ன்னு போட்டோ அனுப்பினாரு, ரப்பர் பால் காஞ்சு கம்பளி மாதிரி நிக்குது. எந்தத் துணியில அது போயிருக்கு?

ஜிஎஸ்டி இல்லாம விக்கலாமா?

தமிழ்நாட்டுக்குள்ள மட்டும், நேரடியா விக்கிறீங்கன்னா வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டுற வரைக்கும் பதிவு கட்டாயம் இல்ல. நம்ம ஆளுங்க மாட்டுறது களியக்காவிளையில. அதத் தாண்டி கேரளாவுல இருக்குற பாறசாலைக்கு ஒரே ஒரு டிஷர்ட் அனுப்பினாலும் வெளிமாநில விற்பனை, சரக்குன்னா முதல் ரூபாயில இருந்தே பதிவு வேணும். இன்ஸ்டாவுல ஆர்டர் எடுக்குறவங்களுக்கு திருவனந்தபுரம்தான் பக்கத்து டவுன், அதனால ஆரம்பத்துலயே எடுத்துருங்கன்னுதான் சொல்லுவேன்.

வரி கணக்கு, 2025 செப்டம்பர் 22ல இருந்து பீஸ் 2,500 ரூபா வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 18.

காம்போசிஷன்ல போட்டா 1 சதவீதத்தோட முடியும்ல, அப்ப கேரளாவுக்கு அனுப்பலாமா?

அனுப்ப முடியாது. காம்போசிஷன்னா சின்ன வியாபாரிங்க விற்பனையில ஒரு சின்ன சதவீதம் மட்டும் கட்டுற ஜிஎஸ்டி திட்டம், அதுல இருந்தா வெளிமாநில விற்பனையே கூடாது. அதோட யூனிட்டுக்கு நீங்க கட்டின வரிய திரும்ப எடுக்கவும் முடியாது. மார்த்தாண்டத்துல கவுண்டர் போட்டு இங்க உள்ள ஆளுக்கு மட்டும் விக்கிறவங்களுக்கு அது சரி.

பிராண்ட் பேர ரிஜிஸ்டர் பண்ணணுமா?

லேபிள் அடிக்குறதுக்கு முன்னாடி அந்தப் பேரு ஏற்கெனவே இருக்கான்னு டிரேட்மார்க் சைட்ல தேடிருங்க, துணிமணிக்கு கிளாஸ் 25. தனி ஆள் பேர்ல ஆன்லைன்ல போட்டா அரசு கட்டணம் 4,500. ஆயிரம் லேபிள் நெய்து வாங்கினப்புறம் பேரு மாத்தின ஒரு ஆள எனக்குத் தெரியும், அந்த லேபிள் இப்பவும் அவர் வீட்டுல கண்ணாடி துடைக்குது.

ஸ்டாக் எல்லாம் கரும்புள்ளி பிடிக்குது, என்ன செய்ய?

நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை. பிரஸ் பண்ணின சூட்டோட கவர்ல போட்டு மூடாதீங்க, ஒரு ராத்திரி ஆற விடுங்க. மூட்டைய தரையிலயும் சுவர ஒட்டியும் வைக்காம பலகை மேல வைங்க, ஒவ்வொரு பெட்டியிலயும் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க. ஒரு தடவ புள்ளி விழுந்த துணிய வித்துறாதீங்க, துவைச்சாலும் போகாது, பக்கத்துல இருக்குறதுக்கும் பரவும்.

ரெண்டாவது ஆர்டர் முதல் ஆர்டர் மாதிரி இல்ல, யூனிட்ல கேட்டா "அதே துணிதான் தம்பி"ங்கிறாங்க. என்ன பண்ண?

தொடாம ஒரு பீஸ் எடுத்து வைக்கச் சொன்னேன்ல, அது இதுக்குத்தான். அதுல இருந்தும் புதுசுல இருந்தும் துண்டு வெட்டி நிறுங்க, ரெண்டையும் ஒண்ணா மூணு தடவ துவைங்க, வெயில்ல பக்கத்துல பக்கத்துல வைங்க. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சா போட்டோவும் நம்பரும் சேத்து அனுப்புங்க, "துணி சரியில்ல"ன்னு மொட்டையா சொன்னா அவங்களும் மொட்டையாத்தான் பதில் சொல்லுவாங்க.

அடுத்த ஆர்டர்ல இருந்து, ஒத்துக்கிட்ட சாம்பிள் ரெண்டு பீஸ் மேல அழியாத மார்க்கர்ல தேதி, ஜிஎஸ்எம், நூல் நம்பர், லாட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, ஒண்ணு அவங்க கிட்ட, ஒண்ணு உங்க கிட்ட. பில்லுலயும் "சாம்பிள் படி, ஒரே லாட்"னு ஒரு வரி எழுதி வாங்குங்க. நான் முதல் தடவ இத கேட்டப்போ அந்த ஓனர் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி"ன்னாரு. கல்யாண போட்டோவ எடுத்துக் காட்டினேன். பேனாவ வாங்கி கையெழுத்து போட்டுட்டு டீ சொன்னாரு.